துடைக்காத ஜன்னல்

எங்கள் தெருவுக்கு ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்மேல் குறைபட்டுக்கொள்ளக் கூடாது. முதலில் ஒருவர் வந்து குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். அடுத்து ஒரு கும்பல் வந்து எங்கள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தது. அழுகிற பிள்ளைகளைத்தான் அதிகம் எடுத்தார்கள். பிறகு ஒரு தாடிக்காரர் வந்து, அந்தப் புகைபோக்கியைப் பார்க்கும்போது உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். இருமல் தோன்றுகிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எல்லோருமே திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பாட்டில்கூடத் திரும்ப வரவில்லை.

புகைபோக்கி எங்கள் தெருமுனையில் இருக்கும் தொழிற்சாலையுடையது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உலையில் உருக்கி எடுக்கிறார்கள். எங்கள் பின்சுவருக்கும் அவர்கள் மதிலுக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் எல்லை. அதிகாரிகள் குடியிருப்பு எங்கே என்று கேட்டால் எதிர்ப்பக்கம், மேட்டில். காற்று அந்த மேட்டிலிருந்து இறங்கி, தொழிற்சாலையைத் தாண்டி, எங்கள் ஜன்னலுக்கு வரும். எப்போதாவது திசை மாறினால் அன்றைக்கு உலைக்கு விடுமுறை. அவ்வளவு நல்ல காற்று.

இப்போது இரண்டாவது உலை வைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு விசாரணைக் கூட்டம் நடக்கும் என்று சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து தெருமுனையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கையுறைக்காரி வந்தாள்.

பல்கலைக்கழகத்தில் வேலை. எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொண்டு தொடுவாள் என்பதால் தெரு அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது. நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, மருத்துவமனைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பவள். வந்தவள் வாசலில் நின்றாள். நாற்காலியில் கிடந்த துணிக் குவியலை நான் எடுக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. மிஷினை நிறுத்தாமலே என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அவள் சொன்னது புதிதாக இருந்தது. தான் கேள்வி கொண்டுவரவில்லை என்றும், எதை ஆராய வேண்டும் என்பதைத் தெருக்காரர்கள் சொல்ல வேண்டும் என்றும், சேர்ந்து செய்யலாம் என்றும் சொன்னாள். சேர்ந்து என்ற வார்த்தையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் மிஷினை நிறுத்தினேன்.

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றாள்.

"நான் நல்ல அம்மாவா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும். உங்க மெஷின் சொல்லுமா?"

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். என் மகளுக்கு இப்போதுதான் வாய் நிறையப் பேச்சு வருகிறது. வீட்டில் அவள் பெயர் வாலு. பேச்சு வந்த வேகத்தில் சாப்பாடு போயிற்று, வயிற்றுவலி வந்தது, ஆள் துவண்டாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர் ஈயம் அதிகமாக இருக்கிறது என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "எந்தத் தெரு?" என்றார். தெருவைச் சொன்னதும், "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கணும்மா. பிள்ளை கையைக் கழுவி விடணும். இதெல்லாம் அம்மா பார்த்துக்க வேண்டியது" என்றார். அவர் போட்டிருந்த கோட்டு நான் தைத்தது. அதில் ஒரு பொட்டு அழுக்கு ஏறாமல், மூட்டை கட்டி, மூக்கைப் பொத்துகிற மாதிரி பொத்தி அனுப்பினவள் நான். அந்த இடத்திலேயே பொத்தானைப் பிய்த்துவிடலாமா என்று வந்தது. வாலு மடியில் இருந்ததால் சும்மா வந்தேன்.

கையுறைக்காரி கேட்டுவிட்டு, அதுதான் கேள்வி என்றால் அதையே ஆராயலாம் என்றாள். வீட்டுக்குள் இருக்கும் ஈயம் வீட்டிலிருந்து வருகிறதா, புகைபோக்கியிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். வழி சுலபம். பிள்ளைகள் படுக்கும் அறையில், ஜன்னல் கட்டையைச் சுத்தமாகக் கழுவி, நாடா ஒட்டி ஒரு சதுரம் போடுவாள். ஒரு மாதம் அதை யாரும் தொடக் கூடாது. மாதக் கடைசியில் சதுரத்துக்குள் படிந்த தூசியை ஈரத்துணியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவாள். முடிவை முதலில் எங்கள் தெருவிலேயே சொல்வாள்.

என்னைக் கூட்டாளி ஆய்வாளர் என்று அறிவித்து, கழுத்தில் அட்டை மாட்டினாள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, இனிமேல் உன்னிடம் மனு கொடுத்துத்தான் பேச வேண்டுமா என்றார். சரக்கு வண்டி ஓட்டுகிற மனிதர், சாலையில் மட்டும்தான் ஹாரன் அடிப்பார். வீட்டில் எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுவார்.

அட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சதுரத்தைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று எல்லோரிடமும் அன்பாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டில் ஒருவரிடம் மட்டும் நான் நேரடியாகச் சொல்லவில்லை. அது என் நாத்தனார்.

இவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்து, எங்களோடு இருக்கிறவர். அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் துப்புரவு வேலை. எதிரி வீட்டில் பெருக்கிவிட்டு என் வீட்டில் வந்து படுக்கிறவர் என்று நான் சொல்வதுண்டு, அவர் காதில் விழும்படி. அவரும் சளைத்தவர் இல்லை. நான் கூட்டிய இடத்தை மறுபடி கூட்டுவார், நான் கழுவிய டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கழுவுவார். எங்கள் பேச்சுவார்த்தையெல்லாம் இவர் வழியாகத்தான். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, அந்தச் சதுரத்துல கை வெக்க வேணாம்னு." இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணி, "கேட்டுச்சுன்னு சொல்லு தம்பி" என்றார்.

மாதம் முடிந்தது. கையுறைக்காரி தூசியை எடுத்துக்கொண்டு போனாள், சொன்னபடி திரும்பியும் வந்தாள். வாசகசாலையில் கூட்டம் போட்டோம். பொதுக் கூட்டம் என்பதால் தொழிற்சாலை மேலாளரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். சத்தம் போடுகிறவனைச் சமாளிக்கலாம், இந்த மாதிரி ஆளைச் சமாளிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

கையுறைக்காரி படத்தைப் போட்டாள். பிள்ளைகள் இருக்கிற வீடு எல்லாவற்றிலும் சதுரம் கிட்டத்தட்டக் காலி. ஈயம் மிகக் குறைவு. ஒரே ஒரு வீட்டில் மட்டும் கொட்டிக் கிடந்தது. அது ரேடியோ ரிப்பேர் செய்கிறவருடைய வீடு. தனிக்கட்டை. பிள்ளை இல்லாவிட்டாலும் தன் ஜன்னலிலும் ஒட்டச் சொல்லி அடம்பிடித்து வாங்கிக்கொண்டவர்.

மேலாளர் எழுந்தார். ரேடியோக்காரர் சால்டரிங் செய்கிறவர், அவர் மேஜையிலேயே ஈயக் கம்பி இருக்கிறது, அதனால் அந்த வீட்டுத் தூசிக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்றார். மற்ற வீடுகளில் ஒன்றும் படியவில்லை என்பதைப் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது, அதற்கு நன்றி என்றார். ஆக, பிள்ளைகளின் உடம்பில் இருக்கும் ஈயம் பழைய பெயின்ட், மலிவு பொம்மை, கழுவாத கை, இப்படி வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

"எங்களுக்கும் பிள்ளைங்க மேல அக்கறை இருக்கு. சோப்பு வேணும்னா நாங்க தர்றோம்" என்று முடித்தார்.

மறுநாள் நிஜமாகவே தந்தார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி சோப்பு, மேலே தொழிற்சாலை முத்திரை. அவமானத்தைப் பெட்டியில் போட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கு முன், கூட்டம் முடிந்ததும் கையுறைக்காரி எங்களை நிறுத்தி, யாராவது துடைத்தீர்களா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்று அட்டை மாட்டிய நானே எல்லோர் சார்பிலும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். வெளியே வந்து தெருவில் நடக்கும்போதுதான் குட்டு உடைந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "வர்றவ முன்னாடி அழுக்கு ஜன்னலை எப்படிடி காட்டுறது? ஏற்கெனவே நமக்கு அழுக்குத் தெருன்னு பேரு" என்றாள். இன்னொருத்தி, எல்லோரும் விட்டுவைப்பார்கள், தன் வீடு ஒன்று குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தாளாம். ஒவ்வொரு வீடும் அப்படியே நினைத்திருக்கிறது. ஆயுசு முழுக்க அழுக்கானவர்கள் என்று பேர் வாங்கினவர்களை, ஒரு மாதம் அழுக்காக இருந்து காட்டுங்கள் என்றால் எங்கே முடிகிறது? சாட்சியை நாங்களே கழுவி ஊற்றியிருந்தோம். துடைக்காத ஒரே மனிதர், துடைக்கிற வழக்கமே இல்லாத ரேடியோக்காரர்.

எல்லார் கதையும் சரி, என் வீட்டு ஜன்னலை யார் துடைத்தது? நான் அந்தச் சதுரத்துக்கு முன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு போனவள். வீட்டுக்குள் போனால், அண்ணி படுக்கையறையில் ஈரத்துணியோடு நிற்கிறார். கையும் களவுமாக. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தூது விட இவர் வீட்டில் இல்லை. நேராகவே ஆரம்பித்தேன்.

"எத்தனை நாளா இந்த வேலை? மேலாளர் சொல்லி அனுப்பினாரா? தொடச்சா பதவி உயர்வு குடுக்கிறேன்னாரா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆமா, நான்தான் தொடச்சேன். தினமும் தொடச்சேன்."

"என் பொண்ணு ரத்தத்துல விஷம் ஓடுது, அதுக்கு இருந்த ஒரே சாட்சியை அழிச்சுட்டு எவ்வளவு தைரியமா நிக்கிறீங்க. நீங்கல்லாம் ஒரு அத்தையா?"

அப்போதுதான் திரும்பினார். கண் சிவந்திருந்தது, கோபத்தில்தான். "உன் பொண்ணு கட்டில்ல ஏறி நின்னு அந்தக் கட்டையைத் தொட்டுத் தொட்டு விரலைச் சப்புறா. நீ முன்னறையில மிஷின்ல இருப்ப, உனக்குத் தெரியாது. உன் சாட்சி அவ வாய் உயரத்துல இருக்கு. ஒரு மாசம் படியட்டும்னு நீ விடுவ. என்னால முடியாது. வேணும்னா கையை உடை."

கை நீட்டினார். நான் அந்தத் துணியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். அவர் பேசாமல் போய் எடுத்து அலசினார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாகத்தான் ஆயிற்று.

அந்த ஆத்திரத்தை இறக்கிவைக்க இடம் வேண்டுமே. நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கையுறைக்காரியின் அறையில் கண்ணாடி ஜன்னல், மூடியே இருந்தது. மேஜைமேல் ஒரு செடி, இலையெல்லாம் துடைத்து வைத்த மாதிரி மினுமினுத்தது. அவள் நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை, கணக்கு சரியாகிவிட்டது.

"பிள்ளை படுக்கிற ரூம்ல விஷத்தை ஒரு மாசம் சேர்த்து வைன்னு சொன்னீங்களே, உங்களுக்கு உறுத்தலையா?" என்றேன்.

ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தருகிற பல்கலைக்கழகக் குழு பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தது என்றாள். குழுவில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம்.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல" என்றாள். பிறகு அவள் குரலும் ஏறியது. "தப்புதான். ஆனா நான் கேட்டப்ப நீங்க எல்லாரும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீங்க. அந்த முடிவை நான் நாலு பேர் முன்னாடி படிச்சேன். சேர்ந்து செய்யறதுன்னா ரெண்டு பக்கமும்தானே? ஒருத்தராவது வந்து, இது எங்களால முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

எனக்கு அவளைப் பிடிக்கவில்லைதான். ஆனால் திட்டினால் திருப்பித் திட்டுகிற முதல் ஆராய்ச்சிக்காரி அவள். மற்றவர்கள் எல்லாம் சிரித்தபடியே எழுதிக்கொண்டு போனவர்கள். அதனால் உட்கார்ந்தேன்.

தூசி பிடிக்கக் கூரையில் தட்டு வைத்தால் போதாதா என்று கேட்டேன். கூரையில் விழுகிறது வெளித் தூசி, வீட்டுக்குள் இருப்பது உங்கள் தூசி என்று மேலாளர் பிரித்துவிடுவார் என்றாள். அதனால் ஜன்னல்தான், ஆனால் பிள்ளைகள் இல்லாத ஜன்னல். இந்த முறை முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பிறகு சதுரம் ஒட்டுவது. போகும்போது ரத்தம், திரும்பும்போது ரத்தம். பிள்ளை போகிற இடத்துக்கு அதன் பாய், பொம்மை, தட்டு எல்லாம் கூடவே போக வேண்டும். மேலாளருக்கு இன்னொரு வாய்ப்பே தரக் கூடாது என்றாள். இந்த முறை துடைத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்றும் சொன்னாள், என் அட்டையைப் பார்த்தபடி.

மற்ற வீடுகள் பிள்ளைகளை மாமா வீடு, சித்தி வீடு என்று வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பின. எங்களுக்கு அப்படி ஆள் இல்லை. என் பக்கத்தில் யாரும் இல்லை, இவர் பக்கத்தில் இருப்பது இந்த ஒரு அக்காதான்.

அக்காவுக்கு ஒரு அறை கிடைக்கும் என்று இவர் மெல்ல ஆரம்பித்தார். மேட்டில், அதிகாரிகள் குடியிருப்பில், மேலாளர் பங்களாவுக்குப் பின்னால் துப்புரவு ஆட்களுக்கு ஓர் அறை உண்டு. அண்ணிக்கு எப்போதோ தருவதாகச் சொல்லியும், தம்பி வீடு இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். அங்கே போய்த் தொலைய வேண்டியதுதானே என்று நானே எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன். இப்போது என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள் என்று கேட்க வேண்டும். அதுவும் எதிரியின் கொல்லைக்கு.

இவரைத் தூது அனுப்பினேன். "அவ வாயால கேட்கட்டும்" என்று பதில் வந்தது. போய் நின்றேன்.

"அண்ணி, வாலுவைக் கூட்டிட்டுப் போங்க. அங்க காத்து நல்லா இருக்கும்."

"அது யார் வீட்டுக் காத்துன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தினமும் நீ வந்து சோறு ஊட்டணும். அம்மாவைப் பிரிச்சேன்னு என் மேல பழி வரக் கூடாது. வரும்போது குளிச்சிட்டு, துணி மாத்திட்டு வா." அவ்வளவு சொல்லிவிட்டுத் தன் டிரங்குப் பெட்டியை இழுத்தார்.

ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளை எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது. அறையில் ஆட்கள் தங்குவதைப் பங்களாவில் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் எதற்காக என்று தெரிந்தால் அறையும் போகும் வேலையும் போகும். கையுறைக்காரி ஒப்புக்கொண்டாள். இடத்தைக் குறிப்பிட மாட்டேன் என்று அவளும், வாயைத் திறக்க மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மிஷினை மூடி, குளித்து, பெட்டியில் மடித்து வைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். பின்வாசல் காவலாளி என்னையும் துப்புரவு ஆள் என்று நினைத்து விட்டுவிடுவார். மேலே ஏற ஏற மூச்சு லேசாகும். அங்கே கொடியில் வெள்ளைத் துணி வெளியில் காய்ந்தது. வெள்ளைத் துணியை வெயிலில் காயப்போட்டு நான் பார்த்தே வெகுகாலம் ஆயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி வாசலிலேயே நிறுத்தி என் நகத்தைப் பார்ப்பார். "வெட்டலையா?" என்பார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படி நடந்ததில்லை. உள்ளே அதே பாய், அதே பொம்மை, அதே தட்டு. தண்ணீரும் அதே தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர்தான். நான் ஊட்டுவேன், அண்ணி எதிரில் உட்கார்ந்து பிசைந்தது கெட்டியா தளர்வா என்று குறை சொல்வார். வாலு முதலில் நான் கிளம்பும்போது அழுதாள். பிறகு தலையைத் தூக்காமலே கையாட்டினாள். ஒரு நாள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கீழே என் வீட்டில் சதுரம் நிறைந்துகொண்டிருந்தது. முதலில் மங்கல், பிறகு சாம்பல், பிறகு விரல் வைத்தால் தடம் விழும் அளவு. காலி அறையில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்தத் தூசியின் மேல்தான் என் பிள்ளை இத்தனை நாளும் தலைவைத்துப் படுத்திருந்தது என்று நினைத்தால் கத்த வேண்டும்போல் இருக்கும். துடைக்கத் துடித்த கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தெரு முழுக்க அப்படித்தான் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலுக்குத் திரை போட்டு, அழுக்கைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள்.

விசாரணைக் கூட்டம் சுற்றுச்சூழல் அலுவலகத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. மேடையில் அதிகாரி, ஒரு பக்கம் மேலாளரும் அவர் ஆட்களும், மறுபக்கம் நாங்கள். தொழிற்சாலை ஊழியர்கள் சிலரையும் ஆதரவுக்காகக் கூட்டிவந்திருந்தார்கள். கடைசி வரிசையில் சீருடையோடு அண்ணி. வாலுவை மேட்டில் சமையல்காரம்மாவிடம் விட்டு வந்திருந்தார்.

கையுறைக்காரி எல்லாச் சதுரங்களின் படத்தையும் போட்டாள். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஒரு வீடு பாக்கி இல்லாமல் ஈயம். தொழிற்சாலை மதிலுக்குக் கிட்டே போகப்போக அதிகம். பிறகு பிள்ளைகளின் ரத்தம். ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் எல்லோருக்கும் குறைந்திருந்தது.

மேலாளர் மென்மையாக எழுந்தார். வெளியூர் போன பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு, இதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்றார். ஒரு பிள்ளை இதே ஊரிலேயே இருந்தது, அதே தண்ணீர், அதே பொம்மை, அதே தட்டு, கவனித்துக்கொண்டதும் அதே அத்தை என்றாள் கையுறைக்காரி. அதற்கும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

"எந்த இடம்?" என்றார் மேலாளர்.

சொல்ல இயலாது என்றாள். இடம் சொல்லாத ஆராய்ச்சியை எப்படி நம்புவது என்று அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியும் அது நியாயமான கேள்விதான் என்று தலையசைத்தார். பிறகு, தெருக்காரர்களின் பார்வை போன வழியே மேலாளரும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் இரக்கம் வழிந்தது.

"ஒரு விஷயம் எல்லாருக்கும் தெளிவா தெரியுது. சொல்ல வருத்தமாத்தான் இருக்கு. அம்மாகிட்ட இருந்து பிரிச்சதும் பிள்ளைக்குச் சரியாயிருக்கு. இதுக்கு எங்க உலை என்ன பண்ணும்?"

கூடம் என்னைப் பார்த்தது. டாக்டர் மேலும் கீழும் பார்த்த அதே பார்வை. என் வாய்க்கு வந்ததைக் கொட்டினால் அந்தக் கூடம் தாங்காது. ஆனால் எதைச் சொன்னாலும் அது மேட்டில்தான் போய் முடியும். வாக்குக் கொடுத்திருந்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதை அந்த ஆள் பார்த்தான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அம்மாவைப் பிரிக்கல சார்" என்றார் அண்ணி. "அவ தினமும் வந்து, தன் கையால ஊட்டிட்டுப் போனா. என் கண்ணு முன்னாடி. அவ கையில ஒரு அழுக்கும் இல்ல, நான் தினமும் பார்த்தேன். பிள்ளைகிட்ட இருந்து நாங்க பிரிச்சது உங்க புகையைத்தான்."

மேலாளர் அவரைப் பார்த்தார். சீருடையைத் தெரிந்தது, ஆளைத் தெரியவில்லை. "நீங்க யாரு?"

"உங்க மேஜையைத் தொடைக்கிறவ. எந்த இடம்னு கேட்டீங்களே. உங்க பங்களாவுக்குப் பின்னாடி ரூம். உங்க ஜன்னல்ல இருந்து பார்த்தா பிள்ளை விளையாடுறது தெரியும். நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

அதிகாரி அதைப் பதிவு செய்யச் சொன்னார். மேலாளர் ஏதோ பேச வாயெடுத்தார், சத்தத்தில் கேட்கவில்லை. ரேடியோக்காரர் விசில் அடித்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணி வாசலைத் தாண்டிப் போயிருந்தார்.

இரண்டாவது உலைக்கு அனுமதி இல்லை என்று எழுதினார்கள். முதல் உலையைப் பற்றி, ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்று எழுதினார்கள். குழு என்றதும் தெரு சிரித்தது, எங்களுக்குக் குழுக்களைத் தெரியும். கையுறைக்காரி சிரிக்கவில்லை. தான் மறுபடி வருவேன் என்றாள். வந்தால் நாற்காலியைக் காலி செய்து வைக்கிறேன் என்று சொன்னேன். அதற்குமேல் நல்ல வார்த்தை எனக்கு வராது.

அன்று சாயங்காலமே அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி, அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். நான் மேட்டுக்குக் கிளம்பக் குளித்துவிட்டு வந்தபோது, இவர் வண்டி வாசலில் நின்றது. டிரங்குப் பெட்டி, பாய், பொம்மை, தட்டு, ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் அண்ணியின் இடுப்பில் வாலு, கன்னம் உப்பி.

எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "எதுக்கு அண்ணி சொன்னீங்க? இன்னும் ரெண்டு மாசமாவது வாலு அங்க இருந்திருப்பா" என்று சண்டைதான் வந்தது.

"உனக்காக ஒண்ணும் சொல்லல" என்றார். "என் வளர்ப்புல இருந்த பிள்ளையைப் பத்தி அவன் பேசினான். அதான்." பிறகு, முகத்தைப் பார்க்காமல், "அழாத, அவனுங்க முன்னாடி போய் அழுதுட்டு நிக்கிற" என்றார்.

இறக்கிவிட்டதும் வாலு நேராகப் படுக்கையறைக்கு ஓடிக் கட்டிலில் ஏறினாள். கையுறைக்காரி துடைத்து எடுத்த சதுரத்தில் அதற்குள் மறுபடி சாம்பல் பூத்திருந்தது. "தொடாத" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பிள்ளை மிரண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணி அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். தொழிற்சாலை முத்திரை போட்ட சோப்புப் பெட்டியைப் பிரித்தார். "நிரூபிச்சாச்சுல்ல, இனிமே தொடைக்கலாம்" என்றார். நாடாவைப் பிய்த்து எறிந்தேன். வாலுவை இவரிடம் கொடுத்துவிட்டு நானும் ஒரு துணியை எடுத்தேன். ஆளுக்கொரு பக்கமாக அந்த ஜன்னலைத் தேய்த்தோம்.

வாசலிலிருந்து வாலு கேட்டாள்: "அத்தை, நம்ம வீட்டுக்கு எப்போ போறோம்?"

அண்ணி கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் துணியை வாளியில் பிழிந்தேன், தண்ணீர் சாம்பலாக இறங்கியது. அதை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடிக்கப் போனேன்.